கில்பெக் தேவாலயத்தின் சுவரில் அந்தப் பெண் உருவம் எப்படி வந்தது?

இங்கிலாந்தின் கில்பெக் கிராமத்துத் தேவாலயத்தின் வெளிச்சுவரில், கால்களை அகட்டி, இரண்டு கைகளாலும் தன் பிறப்புறுப்பை விரித்துக் காட்டும் பெண் சிற்பத்தைப் படத்தில் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். கிறிஸ்தவக் கோயிலில் இது எப்படி வந்தது, முன்பு அங்கே வேறு தெய்வ வழிபாடு நடந்ததன் மிச்சமா, இவ்வளவு காலம் யாரும் இதை உடைக்காமல் விட்டது ஏன் என்பவை உங்கள் கேள்விகள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு சிற்பத்தை மட்டும் வெட்டியெடுத்த படத்தை வைத்துக்கொண்டு இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட முடியாது. கூரை விளிம்பைத் தாங்க வரிசையாகப் பதித்த கற்களில் அது ஒன்று. அந்த வரிசையில் இன்று 85 கற்கள் எஞ்சியிருக்கின்றன. 84 கற்களை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பார்த்தால் அது விபரீதமாகத்தான் தெரியும். அதனால் கோயிலையே கொஞ்சம் சுற்றிக்காட்டிவிட்டு அந்தப் பெண்ணிடம் வருகிறேன்.

கில்பெக் இருப்பது ஹெரிஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில். ஹெரிஃபோர்ட் நகரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 14 கிலோமீட்டர். வேல்ஸ் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சி வருவதற்கு முன் இந்தப் பகுதி வெல்ஷ் மக்களின் எர்கிங் என்ற சிற்றரசாக இருந்தது. தேவாலயத்தின் பெயரிலேயே இந்த இரட்டைப் பிறப்பு தெரிகிறது: புனித மரியாளுக்கும் புனித டேவிடுக்கும் உரிய கோயில் இது. டேவிட் வேல்ஸ் நாட்டின் பாதுகாவலர். வட பிரான்ஸிலிருந்து நார்மன்கள் படையெடுத்து வருவதற்கு முன்பே இங்கே டேவிடின் பெயரில் ஒரு கோயில் இருந்திருக்கிறது. இன்றைய கட்டடத்தின் வடகிழக்கு மூலையில் வேறு மாதிரி அடுக்கிய பழைய கற்கட்டு கொஞ்சம் தெரியும். அது நார்மன் காலத்துக்கு முந்தியது என்று கருதுகிறார்கள்.

ஆகவே, முன்பு இருந்தது என்ன என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. இந்த இடத்தில் முன்பு இருந்ததும் கிறிஸ்தவக் கோயில்தான். சிற்பங்கள் செதுக்கப்பட்ட 12-ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதி மக்கள் பல நூறு ஆண்டுகளாகக் கிறிஸ்தவர்கள். கல்தச்சர்கள் யாரும் மறைமுகமாகப் பழைய தெய்வத்தைக் கும்பிட்டுக்கொண்டு, பாதிரியாரின் கண்ணில் மண்ணைத் தூவி, கூரையடியில் அதை ஒளித்துவைத்ததாக எண்ண எந்த ஆதாரமும் இல்லை. சுற்றுலாக் கையேடுகளில் இந்தக் கதை சுவையாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, கில்பெக் வில்லியம் ஃபிட்ஸ் நார்மன் என்ற பிரபுவின் கைக்கு வந்தது. தேவாலயத்துக்கு மேற்கே ஒட்டினாற்போல் ஒரு மண்மேடு இருக்கிறது. அதுதான் அவர்களுடைய கோட்டை. மேட்டின் உச்சியில் இடிந்த கற்சுவர்த் துண்டுகள் இன்றும் நிற்கின்றன. வில்லியமின் மகன் ஹ்யூ 1134-இல் இந்தத் தேவாலயத்தை க்ளௌஸ்டர் நகரத்துப் புனித பேதுரு மடத்துக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார். மடத்துத் துறவிகள் கொஞ்ச தூரத்தில் ஒரு சிறு துறவகம் அமைத்துக்கொண்டார்கள். இப்போது நாம் பார்க்கும் கட்டடம் அந்தத் தானத்தை ஒட்டி, 1140 வாக்கில் எழுந்தது என்பது பொதுவான கருத்து.

அந்தக் காலத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1135-இல் முதலாம் ஹென்றி மன்னர் இறந்தார். அவருடைய மகள் மட்டில்டாவுக்கும் சகோதரி மகன் ஸ்டீஃபனுக்கும் அரியணைப் போட்டி மூண்டு நாடே சுமார் இருபது வருடம் போர்க்களமாகக் கிடந்தது. அந்தப் போரின் முக்கியமான களங்களில் ஒன்று ஹெரிஃபோர்ட்ஷயர். அப்படிப்பட்ட காலத்தில், எல்லையோரக் கிராமம் ஒன்றில் இவ்வளவு நுணுக்கமான வேலை நடந்திருக்கிறது. கில்பெக் பிரபுவைப் போன்ற சிறிய பிரபுக்கள் ஒருவருக்கொருவர் போட்டியாகக் கோயில் கட்டினார்கள். ஒரே சிற்பக் குழு அவர்களுக்காக ஊர் ஊராகப் போய் வேலை செய்தது.

கட்டடம் மிகச் சிறியது. மூன்றே பகுதிகள்: மக்கள் கூடும் நீள்சதுரக் கூடம், அதையடுத்துப் பாடகரும் குருக்களும் நிற்கும் சதுர அறை, கிழக்கு முனையில் பலிபீடத்துக்கான அரைவட்ட அறை. பின்னாளில் ஒட்டிச் சேர்த்த பக்கக்கூடம் எதுவும் கிடையாது, பெரிய கோபுரமும் கிடையாது. இங்கிலாந்தின் பெரும்பாலான கிராமக் கோயில்கள் 13, 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் இடித்து, நீட்டி, உயர்த்தி அடையாளம் மாறிப்போனவை. கில்பெக்கில் அது நடக்கவில்லை. ஊர் செழித்து வளர்ந்திருந்தால் நடந்திருக்கும். கோட்டையை ஒட்டி வளர்ந்த கிராமம் பின்னர் சுருங்கிப்போனது. பழைய வீடுகள் இருந்த இடம் இப்போது புல் மூடிய மேடுபள்ளம். ஊர் தேய்ந்ததால் கோயில் தப்பியது என்றே நான் நினைக்கிறேன்.

கல்லும் ஒரு காரணம். பழைய செம்மணற்கல் என்று நிலவியலாளர்கள் சொல்லும் அந்தப் பகுதிக் கல் பல இடங்களில் மழைக்கும் பனிக்கும் செதில் செதிலாக உதிரும். கில்பெக்கில் பயன்படுத்திய கல் அப்படியில்லை. ஏறக்குறைய 900 ஆண்டுகள் கழித்தும் உளியின் கூர்மையான விளிம்புகள் தெரிகின்றன. முதன்முறை பார்ப்பவர்கள் இது 19-ஆம் நூற்றாண்டில் புதிதாகச் செதுக்கிவைத்தது என்று சந்தேகப்படும் அளவுக்குத் தெளிவு.

தெற்கு வாசலில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். இந்தக் கோயிலின் உச்சம் அதுதான் என்பது என் எண்ணம். வாசலுக்கு மேலே அரைவட்டக் கற்பலகையில் ஒரு மரம். கொடியைப் போல இரண்டு பக்கமும் சமமாகச் சுருண்டு கிளைக்கிறது. விவிலியத்தின் தொடக்கத்தில் ஏதேன் தோட்டத்தில் வரும் வாழ்வின் மரம் என்று இதைச் சொல்கிறார்கள். “நானே திராட்சைச் செடி” என்ற கிறிஸ்துவின் சொல்லையும் இது நினைவூட்டலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இல்லை. மரத்துக்குக் கீழே உத்தரக்கல்லில் நெளிநெளியாகக் கோடுகள்.

வாசலின் இரண்டு பக்கமும் வெளி நிலைக்கால்களில் பாம்புடல் கொண்ட நீண்ட விலங்குகள் மேலும் கீழுமாகப் பின்னிக்கொண்டு கிடக்கின்றன. ஒன்றின் வாய் இன்னொன்றின் வாலைக் கவ்வியிருக்கிறது. இடப்பக்கத் தூணில் ஒருவருக்கு மேல் ஒருவராக இரண்டு வீரர்கள். ஒட்டிய மேற்சட்டையும் தொளதொளப்பான காற்சட்டையும் அணிந்து, கொடிகளுக்குள் சிக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களின் உடையில் வரிவரியாக ஓடும் கோடுகளைக் கவனியுங்கள். துணி மடிப்பை இப்படிச் சீப்பால் வாரியதுபோல் செதுக்குவது இந்தக் குழுவின் கைரேகை. வேறு ஊர்களில் இவர்கள் செய்த வேலையை அடையாளம் காண இதுவே உதவுகிறது. வலப்பக்கத் தூண் முழுக்கக் கொடிவேலை, அதன் அடியில் பறவைகள். வலப்பக்கத் தூணின் தலையில் ஒரு முகம். அதன் வாயிலிருந்து இரண்டு பக்கமும் இலைக்கொடி புறப்பட்டு வழிகிறது. இடப்பக்கத் தூணின் தலையில் சிங்கமும் டிராகனும் மோதுகின்றன.

மேலே வளைவுகளில் கூர்மூக்குப் பறவைத் தலைகள், பல்லிளிக்கும் விலங்குகள், நடுவில் ஒரு வானதூதர். வெளி வளைவில் வட்டம் வட்டமாகக் கோத்த பதக்கங்கள். ஒவ்வொரு பதக்கத்துக்குள்ளும் ஒரு பறவையோ விலங்கோ, இரண்டு பதக்கங்களை இணைக்கும் இடத்தில் ஒரு முகமூடி. கண்ணுக்கு ஓய்வே கொடுக்காத வேலை. ஆனாலும் குழப்பம் இல்லை. நடுவில் மரம் அமைதியாக இருக்கிறது. சண்டை, பின்னல், பசி எல்லாம் அதைச் சுற்றி வெளியே நடக்கின்றன. வாசலைக் கடந்து உள்ளே போகிறவர் அந்தச் சண்டைகளுக்கு நடுவே நுழைந்துதான் மரத்தின் கீழ் போக வேண்டும். இப்படி வடிவமைத்தவர் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தே செய்திருக்கிறார்.

ஒவ்வொரு விலங்குக்கும் அர்த்தம் உண்டா என்று கேட்டால், சிலவற்றுக்கு உறுதியாக உண்டு. அக்காலத்தில் விலங்குகளின் இயல்பைச் சொல்லி அதில் சமய உண்மையைக் காணும் ஏடுகள் பரவலாக இருந்தன. சிங்கக்குட்டி இறந்தே பிறக்கும், மூன்றாம் நாள் தந்தைச் சிங்கம் அதன்மேல் மூச்சுவிட உயிர்பெறும், இது கிறிஸ்துவின் உயிர்ப்புக்கு அடையாளம் என்று அவை சொல்லின. பாம்பு தோலுரித்துப் புதிதாவது மனிதன் பழைய வாழ்வைக் களைவதற்கு அடையாளம். ஆகவே தூண்தலையில் சிங்கம் டிராகனோடு மோதுவதை நன்மை தீமைப் போராட்டமாக அன்றைய குரு ஒருவர் விளக்கியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் கூரையடியில் உள்ள 85 கற்களுக்கும் ஒவ்வொன்றாகப் பொருள் சொல்லப் புறப்பட்டால் பாதி வழியில் நின்றுவிட வேண்டியதுதான்.

அந்தக் கற்களுக்கு வருவோம். கட்டடத்தைச் சுற்றிலும் கூரை விளிம்புக்குக் கீழே, சீரான இடைவெளியில் அவை பதிக்கப்பட்டிருக்கின்றன. முதலில் 91 இருந்தன என்று கணக்கிடுகிறார்கள். சிலுவையைத் தாங்கிய ஆட்டுக்குட்டி உண்டு, கிறிஸ்துவின் அடையாளம் என்று யாருக்கும் தெரியும். பக்கத்திலேயே பன்றித்தலை, செம்மறிக்கிடா, பிடில் போன்ற கருவியை வாசிக்கும் ஒருவர், கட்டிப்பிடித்து நிற்கும் இருவர். அந்த இருவர் மல்யுத்தம் செய்கிறார்களா, நடனமாடுகிறார்களா, காதலர்களா என்று இன்னும் வழக்கு தீரவில்லை. எல்லோருக்கும் பிடித்த கல், தொங்கிய காதுள்ள நாயும் நீண்ட காதுள்ள முயலும் கன்னத்தோடு கன்னம் வைத்து நம்மைப் பார்ப்பது. துரத்தும் நாயும் ஓடும் முயலும் இங்கே தோழர்களாக உட்கார்ந்திருக்கின்றன. இன்றைய குழந்தைகள் கார்ட்டூன் என்று சொல்லிவிடுவார்கள், அவ்வளவு எளிமையான வடிவம்.

நம் ஊர்ச் சோழர் கோயில்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. புள்ளமங்கை பிரமபுரீசுவரர் கோயிலில் கொடுங்கைக்குக் கீழே ஓடும் பூதவரியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே பூதகணங்கள் ஆடுகின்றன, வாத்தியம் வாசிக்கின்றன, முகத்தைக் கோணுகின்றன. ஒவ்வொரு பூதத்துக்கும் எந்த ஆகமத்தில் விளக்கம் இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கருவறைத் தெய்வத்துக்கு ஒரு முறை, கூரையடிக்கு ஒரு முறை என்று கட்டடத்தின் இடமே சிற்பிக்கு அளவு சொல்லிவிடுகிறது. இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதும் கிடையாது. ஆனால் கூரையடி என்ற அந்த இடத்தில் இரண்டு நாட்டுச் சிற்பிகளும் ஒரே மாதிரி விடுதலையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்ட பெண் இந்த வரிசையில், கிழக்கு அரைவட்டத்தின் தென்புறத்தில் இருக்கிறாள். இத்தகைய உருவங்களை ஷீலா நா கிக் என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பழம்பொருள் ஆய்வாளர்கள் வழியாகப் புழக்கத்துக்கு வந்த பெயர் இது, 12-ஆம் நூற்றாண்டில் அவளை என்னவென்று அழைத்தார்கள் என்பதற்குப் பதிவு இல்லை. அயர்லாந்தில் இவை அதிகம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓரளவு. பிரான்ஸ், ஸ்பெயின் நாடுகளில் அதே காலத்தில் ரோமனெஸ்க் என்ற பாணியில் கட்டிய கோயில்களிலும் இதே போலத் தங்களைக் காட்டும் ஆண் பெண் உருவங்கள் உண்டு.

கில்பெக் ஷீலாவை நன்றாகப் பாருங்கள். தலை மிகப் பெரியது, முடி இல்லை, கண்கள் உருண்டு பிதுங்கியவை. உடல் சிறுத்து, மார்பகமே இல்லை. கைகள் தொடைகளுக்குப் பின்புறமாக வந்து முன்னே விரிக்கின்றன. இதில் கவர்ச்சி என்று எதுவும் இல்லை. காமத்தைத் தூண்ட நினைத்த சிற்பி இப்படிச் செதுக்கமாட்டார். அந்தக் குழுவுக்கு மனித உடலை வேறு மாதிரிச் செதுக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. வாசல் தூணில் நிற்கும் வீரர்களே சாட்சி.

ஏன் செதுக்கினார்கள் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஒரு சாரார், காமம் என்ற பாவத்தை அருவருப்பாகக் காட்டி எச்சரிப்பதற்காக என்கிறார்கள். புனிதப் பயணிகள் நடந்த பிரான்ஸ், ஸ்பெயின் பாதைகளின் கோயில்களில் பாம்பு மார்பைக் கவ்வும் பெண், பணப்பையைக் கழுத்தில் சுமக்கும் கருமி ஆகிய பாவ உருவங்களோடு இவையும் வருவது இந்தக் கருத்துக்கு வலு. இன்னொரு சாரார், தீய கண்ணையும் பேயையும் விரட்டும் காவல் உருவம் என்கிறார்கள். அயர்லாந்தில் கோட்டை வாசல்களுக்கு மேலேயும் இவற்றைப் பதித்திருப்பது இந்தக் கருத்துக்குச் சான்று. பிள்ளைப்பேற்றுக்கு வேண்டிக்கொள்ளும் உருவம் என்பவர்களும் உண்டு.

நான் கில்பெக்கைப் பொறுத்தவரை முதல் கருத்தின் பக்கம்தான் சாய்கிறேன், ஒரு சின்னத் திருத்தத்தோடு. இந்தச் சிற்பக் குழுவுக்குத் தென்மேற்கு ஐரோப்பாவின் புனிதப் பாதைக் கோயில்களோடு தொடர்பு இருந்தது, அதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். அங்கிருந்துதான் இந்த உருவமும் வந்திருக்க வேண்டும். ஆனால் கில்பெக்கில் அது பிரசங்கமாக நிற்கவில்லை. வாசலுக்கு மேல் இல்லை, கண்மட்டத்தில் இல்லை, பக்கத்தில் தண்டனைக் காட்சி இல்லை. நாயும் முயலும் பன்றியும் பிடில்காரரும் இருக்கும் அதே வரிசையில், அவர்களில் ஒருத்தியாக இருக்கிறாள். எச்சரிக்கையாக வந்த உருவம் இந்தச் சிற்பியின் கையில் உலகத்தின் விசித்திரங்களில் ஒன்றாகிவிட்டது.

இந்தக் கேள்வியை நீங்கள் மட்டும் கேட்கவில்லை. கில்பெக் கட்டப்படுவதற்குச் சுமார் 15 வருடம் முன்பே, 1125 வாக்கில், கிளேர்வோ மடத்தலைவர் பெர்னார்ட் இதையேதான் கேட்டார். துறவிகள் உட்கார்ந்து படிக்கும் முற்றத்தில் குரங்குகள், சிங்கங்கள், பாதி மனிதர்கள், சண்டையிடும் வீரர்கள், கொம்பூதும் வேட்டைக்காரர்கள் எல்லாம் எதற்கு என்று கோபமாக எழுதினார். இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏட்டைப் படிப்பதைவிடக் கல்லைப் படிக்கத் தோன்றும், இறைவனின் சட்டத்தைத் தியானிக்காமல் நாள் முழுவதும் இவற்றை வியந்துகொண்டிருக்கத் தோன்றும் என்பது அவருடைய புகார். கவனியுங்கள், இவை வேறு சமயத் தெய்வங்கள் என்று அவர் சொல்லவில்லை. வீண்செலவு, மனச்சிதறல் என்றார். அந்தக் காலத்துக் கண்டிப்பான துறவி ஒருவரே இவற்றில் பொய்த்தெய்வ வழிபாட்டைப் பார்க்கவில்லை என்றால், நாம் இன்று அதைத் தேடுவது அவர்களுடைய காலத்தின் மேல் நம்முடைய ஆசையை ஏற்றுவது.

கோயிலுக்குள் நுழைந்தால் வேகம் அடங்கிவிடுகிறது. கூடத்துக்கும் பீடப்பகுதிக்கும் இடையிலான வளைவின் இரண்டு பக்கமும் தூணில் ஒருவர்மேல் ஒருவராக மூன்று மூன்று உருவங்கள், மொத்தம் ஆறு. அப்போஸ்தலர்கள் என்று கருதுகிறார்கள். சாவியை வைத்திருப்பவர் பேதுரு. நீள முகம், வரி வரியான அங்கி, கையில் ஏடு. வெளியே இருந்த ஆரவாரம் இவர்களிடம் இல்லை. வெளியே பல்லிளித்த அதே உளி உள்ளே அடங்கி நிற்பதைப் பார்க்கும்போது, இடத்துக்குத் தகுந்தபடி பேச அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருந்தது புரியும். அரைவட்ட அறையின் கல்கூரையில் விலா எலும்புபோல் வளைந்த கற்கள் சந்திக்கும் உச்சியில் சிங்கமுகங்கள் இருக்கின்றன. பெரிய திருமுழுக்குத் தொட்டியும் இருக்கிறது, அதில் சிற்பவேலை இல்லை. அருகே தீர்த்தக்கல் ஒன்று, பானை வயிற்றை இரண்டு கைகள் கட்டிப்பிடித்திருப்பதுபோல் செதுக்கியது.

தூணில் மனித உருவங்களை அடுக்கும் அந்த முறை எங்கிருந்து வந்தது? ஸ்பெயினின் சாண்டியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்தின் தெற்கு வாசலில் இதே போல உருவங்களை அடுக்கிய தூண்கள் இருக்கின்றன. கில்பெக்கிலிருந்து அங்கே ஒரு பாலத்தை ஓர் ஏடு காட்டுகிறது. விக்மோர் மடத்தின் வரலாற்றைச் சொல்லும் பழைய நார்மன் பிரெஞ்சு ஏட்டில் ஆலிவர் டி மெர்லிமாண்ட் என்பவர் வருகிறார். மார்ட்டிமர் பிரபுவின் காரியஸ்தர். ஷாப்டன் என்ற ஊரில் தேவாலயம் கட்டத் தொடங்கியவர், இடையில் சாண்டியாகோவுக்குப் புனிதப் பயணம் போய்த் திரும்பினார். அதன் பிறகு ஹெரிஃபோர்ட் ஆயர் ராபர்ட் டி பெத்யூன் அந்தக் கோயிலை அர்ச்சித்தார். ஷாப்டனிலும் கில்பெக்கிலும் வேலை செய்தது ஒரே குழு. ஆலிவர் தன்னோடு ஒரு சிற்பியையும் அழைத்துப்போனார், அவர் வழியில் பார்த்ததையெல்லாம் வரைந்துகொண்டு வந்தார் என்பது அறிஞர்களின் ஊகம். ஏடு சிற்பியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுப்பவர்களும் உண்டு. ஆனாலும் மேற்கு பிரான்ஸ், வட ஸ்பெயின் கோயில்களின் சாயல் இவர்களுடைய வேலையில் பல இடங்களில் தெரிவதால், யாரோ ஒருவர் அங்கே போய் வந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

தெற்கிலிருந்து வந்த செல்வாக்கு மட்டும் என்றும் நினைத்துவிடக் கூடாது. மேற்குச் சுவரில் மேலே மூலைகளிலும் நடுவிலும் டிராகன் தலைகள் வாயைப் பிளந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. நார்வேயின் மரத் தேவாலயங்களையும் வைக்கிங் கப்பல்களையும் பார்த்தவர்களுக்கு உடனே அவை நினைவுக்கு வரும். மேற்குச் சாளரத்தின் தூண்களில் உள்ள பின்னல் வேலையும் வடநாட்டுப் பாணி. டேனிஷ் மன்னர் கனூட் 1016-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய காலத்திலிருந்து அந்தப் பாணி இங்கே வேர்பிடித்துவிட்டது. வடக்கின் டிராகனும் தெற்கின் அப்போஸ்தலரும் ஆங்கிலேயரின் பின்னலும் எல்லையோரக் கிராமத்தில் ஒரே சிறு கட்டடத்தில் சேர்ந்தன. இதைத்தான் கலை வரலாற்றில் ஹெரிஃபோர்ட்ஷயர் சிற்ப மரபு என்கிறார்கள். இதை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி, போலந்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஜார்ஜ் சார்னெக்கி. சிற்பிகளின் பெயர் கிடைக்காததால் கைவேலையைப் பிரித்தறிந்து ‘தலைமைச் சிற்பி’, ‘ஆஸ்டன் சிற்பி’ என்று அவரே பெயரிட்டார்.

இனி, ஏன் உடைக்கவில்லை என்ற கேள்வி. இது நியாயமான கேள்வி. ஹெரிஃபோர்ட்ஷயர் சாதாரண இடமல்ல. 1640-களின் உள்நாட்டுப் போரில், ‘மூடநம்பிக்கை, விக்கிரக ஆராதனைச் சின்னங்களை’ அழிக்க நாடாளுமன்றம் 1643-இல் அமைத்த குழுவின் தலைவரான ராபர்ட் ஹார்லி இந்த மாவட்டத்துக்காரர். குழு அமைவதற்கு முன்பே தன் வட்டாரத்துக் கோயில்களில் சிலுவைகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் நொறுக்கியவர். அப்படியிருந்தும் கில்பெக் தப்பியது. அவர்கள் தேடியது மக்கள் முழந்தாளிட்டு வணங்கும் உருவங்களை: சிலுவை, மரியாள், புனிதர்கள். பன்றித்தலையையும் முயலையும் யாரும் வணங்கவில்லை. ஷீலாவையும் யாரும் வணங்கவில்லை என்பதற்கு அவள் இன்னும் அங்கே இருப்பதையே நான் ஒரு சான்றாக எடுத்துக்கொள்வேன்.

கூச்சம் வந்தது 19-ஆம் நூற்றாண்டில். 1842-இல் ஓவியர் ஜார்ஜ் ராபர்ட் லூயிஸ் கில்பெக் சிற்பங்களை ஒவ்வொன்றாக வரைந்து விளக்கத்தோடு வெளியிட்டார். மற்ற உருவங்களை அக்கறையாக வரைந்த அவர், ஷீலாவைப் பெண்ணாகவே காட்டவில்லை. கோமாளி என்றார். விரித்துக்காட்டும் இடத்தை நெஞ்சில் உள்ள பிளவு, இதயத்துக்குப் போகும் வழி என்று விளக்கினார். அவர் பார்த்தது என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கல் உடையவில்லை. 1840-களில் கட்டடக்கலைஞர் லூயிஸ் நாக்கல்ஸ் காட்டிங்ஹாமின் பொறுப்பில் நடந்த சீரமைப்பிலும் பழைய சிற்பங்களைச் சுரண்டிப் புதுப்பிக்காமல் விட்டார்கள். அந்தக் காலத்தில் ‘சீரமைப்பு’ என்ற பெயரில் எத்தனையோ கோயில்கள் பாழானதை நினைத்தால் இது பெரிய நன்மை.

சேதம் எப்படி நடக்கும் என்பதற்கு ஷாப்டனைச் சொல்ல வேண்டும், இந்தக் கதையில் என்னை அதிகம் வருத்துவது அதுதான். ஆலிவர் கட்டிய அந்தக் கோயில் கில்பெக்குக்கு முந்தியது, சிற்பங்களில் அதைவிட வளமானது. 1750-களில் அந்த எஸ்டேட்டின் பேட்மன் குடும்பத்தார் அதை இடித்துவிட்டு, அன்றைய நாகரிகப்படி வெள்ளையும் வெளிர்நீலமுமாக ஒரு புதுக்கோயில் கட்டினார்கள். புதுக்கோயிலும் அழகானதுதான். பழைய கோயிலின் வளைவுகளையும் வாசல் பலகைகளையும் அவர்கள் தூக்கி எறியவில்லை. மாளிகைக்கு எதிரே குன்றின்மேல் அலங்காரமாக நிறுத்தினார்கள். அங்கே கூரையில்லாமல் மழையிலும் உறைபனியிலும் நின்ற சிற்பங்கள் கரைந்துபோயின. இன்று போய்ப் பார்த்தால் தூணில் நின்ற வீரர் இவர் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. லூயிஸ் 1852-இல் வெளியிட்ட ஷாப்டன் வரைபடங்களை வைத்துத்தான் பலவற்றை அடையாளம் காண்கிறார்கள். ஒரு சிற்பத்தை உடைக்காமலே, ரசிப்பதற்காக இடம் மாற்றியே அழித்துவிட முடியும்.

போய்ப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் சில யோசனைகள். கில்பெக் இன்றும் வழிபாடு நடக்கும் ஆங்கிலிக்கன் கிராமக் கோயில், ஆகவே ஞாயிறு ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்ப்பதைத் தவிருங்கள். பைனாகுலர் கட்டாயம் எடுத்துப்போங்கள், கூரையடிக் கற்களை வெறும் கண்ணால் பார்த்தால் பாதிதான் தெரியும். வெயில் உச்சியில் இல்லாமல் சாய்வாக விழும் நேரமாகப் பார்த்துப் போனால் தெற்கு வாசலின் ஆழம் நன்றாகத் தெரியும். ஒரு மூலையில் தொடங்கி ஒரு கல்லும் விடாமல் சுற்றி வாருங்கள், ஷீலாவை நேராகத் தேடிப்போக வேண்டாம்.

கார் இருந்தால் அதே நாளில் எர்டிஸ்லிக்கும் போய்விடலாம். அந்த ஊர்த் திருமுழுக்குத் தொட்டியும் இதே சிற்ப மரபைச் சேர்ந்தது. இரண்டு வீரர்கள் ஈட்டியும் வாளுமாகக் கொடிகளுக்குள் சண்டையிடுகிறார்கள், இன்னொரு பக்கம் கிறிஸ்து ஒரு மனிதனைச் சிக்கலிலிருந்து கையைப் பிடித்து இழுத்து மீட்கிறார். கில்பெக் வாசலில் பார்த்த அதே வரிவரியான உடை, அதே கொடி. காசில் ஃப்ரோம் ஊரிலும் ஒரு தொட்டி உண்டு. பிரின்சப்பில் குதிரைமேல் வரும் புனித ஜார்ஜ், ஸ்ட்ரெட்டன் சக்வாஸில் சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சிம்சோன். இவற்றில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எர்டிஸ்லியைத் தேர்ந்தெடுங்கள். கூரைக்கு உள்ளேயே இருந்ததால் அந்தத் தொட்டி மழையைக் கண்டதில்லை, அருகில் நின்று உளித்தடத்தையே பார்க்கலாம்.